பெயர் வெட்டுப்பட்ட அட்டை

போன வாரம் தெருமுனை மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பால் கேன் தொங்கிய சைக்கிளை இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி ஒருவர், "தம்பி, வயித்தால போகுது, நாலு மாத்திரை குடு" என்றார். கடைப் பையன் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவினான். கத்தரிக்கோல் எடுத்தான். கிரிச், கிரிச். நாலு மாத்திரை இருந்த துண்டு சின்னக் காகித உறைக்குள் போனது. பெயர் அச்சடித்திருந்த பாதி பெட்டிக்கே திரும்பிப் போனது.

சைக்கிள்காரர் போய்விட்டார். "உங்களுக்கு என்னம்மா?" என்று பையன் இரண்டு முறை கேட்டிருக்கிறான். என் காதில் விழவில்லை. அந்தக் கிரிச் சத்தத்தோடு நான் பல வருஷம் பின்னால் போய்விட்டேன். ஒரு கிழவியின் முந்தானை முடிச்சுக்குள் இதே மாதிரி ஓர் அட்டைத் துண்டு இருந்தது. அதிலும் பெயர் இல்லை.

அப்போது நான் தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில், அரசு ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கோடை வந்துவிட்டால் வார்டு முழுக்க வயிற்றுப்போக்குக் கேஸ்தான். ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள், தரையில் பாய் விரித்து நாலு பிள்ளைகள். ஃபினாயிலும் புளித்த பாலும் கலந்த ஒரு வாடை சேலையை விட்டுப் போகவே போகாது. வாசல் பக்கம் ஒரு மேசையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பானை, அலுமினிய டம்ளர், ஸ்பூன். வருகிற தாய்மார் எல்லாருக்கும் அந்தப் பானையைக் காட்டித்தான் நாங்கள் பாடம் நடத்துவோம். பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வாயைக் கட்டினால்தான் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. 'நிற்க' வைப்பதற்கு ஒரு மாத்திரை வேண்டும். அது எந்தக் கடையிலும் கிடைத்தது.

அன்று விளக்கு வைக்கிற நேரம். ஓர் ஆச்சி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பதினாலு மாதப் பிள்ளை. தலை அவர் முதுகுப் பக்கம் துவண்டு ஆடிக்கொண்டிருந்தது. "எம்மா, பிள்ளை முழிக்கவே மாட்டேங்கான். தூங்குதான்னு விட்டுட்டேன். கொஞ்சம் பாருங்கம்மா."

கட்டிலில் கிடத்தினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. எங்கள் வார்டு சிஸ்டர், இருபத்தைந்து வருஷ சர்வீஸ்காரர், பிள்ளையின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த வயதுப் பிள்ளை நிமிடத்துக்கு முப்பது தடவை சாதாரணமாக மூச்சு விடும். இவன் ஆறு தடவை விட்டான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடி எவ்வளவு நீளம் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

டியூட்டி டாக்டர் டார்ச் அடித்து இமையை விலக்கினார். கண்மணி கடுகைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. வெளிச்சத்துக்கும் அசையவில்லை.

"என்ன கொடுத்தீங்க ஆச்சி?"

"வயித்தால போச்சு. கடையில மாத்திரை வாங்கிக் காலையில ஒண்ணு கொடுத்தேன். நிக்கல. மத்தியானம் ஒண்ணு. பெறவு ஒரு அரை." முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கை நடுங்கி முடிச்சு இறுகிப் போயிற்று. நான்தான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்ளே வெற்றிலைக் காம்பு, ஒரு ரூபாய் நாணயம், வெள்ளி நிற அட்டைத் துண்டு, அதில் மிச்சம் அரை மாத்திரை. பின்பக்கம் திருப்பினால் இரண்டே இரண்டு எழுத்து. மிச்சத்தைக் கத்தரிக்கோல் கொண்டுபோயிருந்தது.

டாக்டர் இன்னொரு கேள்வி கேட்டார். "காலையில பிள்ளை முகம் எப்படி இருந்தது?" "செவ செவன்னு இருந்தான் ஐயா. மேலெல்லாம் சுட்டுது. வாய் காஞ்சு கிடந்தது. காய்ச்சல்னு நெனச்சேன்."

அந்தப் பதில் போதுமாயிருந்தது அவருக்கு. முதலில் சிவப்பு, பிறகு நீலம். டைபெனாக்சிலேட்டும் கொஞ்சம் அட்ரோபினும் சேர்ந்த மாத்திரை அது. டைபெனாக்சிலேட் அபின் வகையறா. பிரசவ வலிக்குப் போடும் பெத்திடினுக்கு நெருங்கிய உறவு. குடலை மந்தமாக்கிப் போக்கை நிறுத்தும். போதைக்காக யாரும் அள்ளி விழுங்கிவிடக் கூடாது என்று துளி அட்ரோபினையும் அதோடு சேர்த்திருந்தார்கள். பெரியவர்களுக்குக் குடலோடு நிற்கிற அந்த மருந்து, கைக்குழந்தையின் மூளைக்குள் போய், மூச்சு விடு என்று சொல்லும் இடத்தையே உறங்க வைத்துவிடும். அட்ரோபின் முதலில் வேலை செய்வதால் முகம் சிவந்து உடம்பு சுடும். அபின் குணம் மெதுவாக, மணிக்கணக்கில் தாமதித்து வரும். வீட்டில் இருப்பவர்கள் அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிஸ்டர் இதற்குள் பிள்ளையின் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கத் தொடங்கியிருந்தார். ஒன்று, இரண்டு, அமுக்கு. ஒன்று, இரண்டு, அமுக்கு. அவர் கை நிற்கவேயில்லை. முறிவு மருந்து அப்புறம், மூச்சு முதலில் என்பது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். மருந்து வர எவ்வளவு நேரமானாலும் பை அமுக்குகிற கை இருந்தால் பிள்ளை இருக்கும்.

முறிவு மருந்து வார்டில் இல்லை. நலாக்சோன் என்ற பெயரை நான் பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டரின் அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது. வராந்தாவில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். சாவி யாரிடம், அவர் எங்கே என்று தேடிப் பிடித்து, நாலே நாலு ஆம்பியூலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். வார்டில் அந்த மருந்து ஏன் இல்லை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிறகு பல வருஷம் கேட்டுக்கொண்டேயிருந்தேன். மருந்து கேட்டு இண்டெண்ட் எழுதும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவேன்.

அந்தக் கால ஆம்பியூலை விரலால் உடைக்க முடியாது. கழுத்தில் சின்ன அரத்தால் ஒரு கோடு இழுத்து, பஞ்சை வைத்துப் பிடித்து ஒடிக்க வேண்டும். ஒரு ஆம்பியூலில் ஒரு மில்லி, அதில் 0.4 மில்லிகிராம். பிள்ளை எட்டுக் கிலோ. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்றார் டாக்டர். அப்படியானால் இரண்டு ஆம்பியூல். நீர் வற்றிய பிள்ளைக்குக் கையில் நரம்பு கிடைக்காது. நெற்றியோரம் முடியை மழித்து, தலையில் ஓடிய ஒரு பச்சை நரம்பில் பட்டாம்பூச்சி ஊசியை ஏற்றினார். கண்ணாடி சிரிஞ்சில் நான் உறிஞ்சிக் கொடுத்த மருந்து மெல்ல உள்ளே போயிற்று.

ஒரு நிமிடம். சிஸ்டர் பை அமுக்கிக்கொண்டேயிருந்தார். ஒன்றரை நிமிடம் இருக்கும். பிள்ளையின் நெஞ்சு தானாக ஒரு முறை தூக்கிப் போட்டது. பெரிய மூச்சு ஒன்றை இழுத்தான். காலை உதறினான். முகத்திலிருந்த மாஸ்க்கைக் கையால் தள்ளினான். அப்புறம் அழுதானே ஓர் அழுகை! வார்டில் இருந்த தாய்மார் அத்தனை பேரும் எழுந்து வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஆச்சி தரையில் உட்கார்ந்து டாக்டரின் காலைத் தொடப் போனார். அவர் விலகிப் போய் கேஸ் ஷீட்டில் நேரம் எழுதினார். எத்தனையோ மருந்துகளைக் கையாண்டிருக்கிறேன். கண் முன்னால் இப்படி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிற மருந்து வேறொன்றைப் பார்த்ததில்லை.

உண்மையான சங்கடம் அதற்குப் பிறகுதான். எட்டரை மணிக்கெல்லாம் ஆச்சி பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "பிள்ளைதான் முழிச்சுட்டானே தாயி. வீட்டுல மாடு கத்தும். காலையில கொண்டாந்து காட்டுதேன்." பிள்ளை தாயிடம் பால் கேட்டு அழுகிற மாதிரி அழுதான். கன்னம் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. அனுப்பினால் என்ன என்று எனக்கே தோன்றியது. சிஸ்டர் கதவுக்குக் குறுக்கே நின்றார். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் இந்தப் பிள்ளை என் கண்ணுக்கு முன்னால இருக்கணும் ஆச்சி. மாட்டை யாரையாவது பார்த்துக்கச் சொல்லி அனுப்புங்க."

ஏன் என்பதை எனக்கு அவர் பஸ்ஸை வைத்து விளக்கினார். "டவுன் பஸ்ல சீட்டு ஒண்ணுதான் இருக்குன்னு வச்சுக்கோ. அபின் ஏறி உக்காந்துட்டான். நம்ம மருந்து வந்து அவனை எழுப்பி விட்டுட்டுத் தான் உக்காந்துக்கிடும். மூச்சு வந்துரும். ஆனா நம்ம ஆளு அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிருவான். அபின் எங்கயும் இறங்கல, படியில தொத்திக்கிட்டுத்தான் நிக்கான். சீட்டுக் காலியானதும் திரும்பி வந்து உக்காருவான்." நலாக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான். இந்த மாத்திரையோ வயிற்றையே மந்தப்படுத்தி அங்கேயே கிடந்து மெல்ல மெல்ல ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அதை உடைத்தால் வருகிற பொருளுக்கும் அதே குணம் உண்டு, அது இன்னும் நீண்ட நேரம் தங்கும். அதனால்தான் 24 மணி நேரம்.

பத்து மணி தாண்டியதும் சிஸ்டர் சொன்னது நடந்தது. அழுது ஓய்ந்து தூங்கியவனின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு என்று எழுதியிருந்த மூச்சு பதினெட்டு ஆயிற்று. பிறகு பன்னிரண்டு. கண்மணி மறுபடி சுருங்கியது. மூன்றாவது ஆம்பியூல் போனது. மூச்சு திரும்பியது. கையில் மிச்சம் ஒன்றே ஒன்று. வார்டு அட்டெண்டர் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரிலிருந்த தனியார் நர்சிங் ஹோமில் கதவைத் தட்டி ஆறு ஆம்பியூல் கடன் வாங்கி வந்தார். மழையே இல்லாத கோடை இரவில் சட்டை முழுக்க நனைந்து வந்தார் மனிதர்.

விட்டு விட்டு ஊசி போட்டால் மூச்சும் ஏறி இறங்கும் என்று, எந்த அளவு மருந்தில் பிள்ளை விழித்தானோ அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு மணி நேரத்தில் போகிற கணக்கில் டிரிப்பில் கலந்துவிட்டார் டாக்டர். பம்ப் எல்லாம் அப்போது ஏது? அறுபது சொட்டுக்கு ஒரு மில்லி விழுகிற மைக்ரோ டிரிப் செட், என் கைக்கடிகாரம், ஒரு முக்காலி. இடது கை பிள்ளையின் வயிற்றில், கண் சொட்டுக் குழாயில். சொட்டையும் மூச்சையும் மாற்றி மாற்றி எண்ணினேன். அரை மணிக்கு ஒரு தடவை சிலேட்டில் எழுதினேன். இருபத்தெட்டு. இருபத்தாறு. இருபத்தெட்டு.

அந்த ராத்திரியில்தான் சிஸ்டர் தன் மனதில் கிடந்ததைச் சொன்னார். அவர் சின்ன வயதில் வேலை பார்த்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், இதே மாத்திரை, ஒரு பெண் குழந்தை. அங்கும் முறிவு மருந்து போட்டார்கள். விழித்தாள், சிரித்தாள், பிஸ்கட் தின்றாள். சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். ராத்திரி குழந்தை அசந்து தூங்குகிறது என்று வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். விடிகாலை தூக்கிக்கொண்டு வந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. "முழிச்சுட்டான்னு சொன்னா நான் நம்பவே மாட்டேன்" என்றார் சிஸ்டர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் மற்றப் பிள்ளைகளின் கொசுவலையைச் சரி செய்தார்.

மறுநாள் சாயங்காலம் ஆச்சியின் பேரன் கஞ்சி குடித்தான். அதற்கடுத்த நாள் வீட்டுக்குப் போனான். தீபாவளிக்கு ஆச்சி ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொண்டுவந்தார்.

பிறகு இந்த முறிவு மருந்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நலாக்சோனுக்கு நியூயார்க்கில் 1961இல் காப்புரிமை கேட்டவர்கள் ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் என்ற இருவர். அமெரிக்க அரசின் அனுமதி 1971இல் கிடைத்தது. அதற்கு முன் இருந்த நாலார்ஃபின் என்ற முறிவு மருந்துக்கு ஒரு தொல்லை இருந்தது. அதுவே மூச்சைக் கொஞ்சம் குறைக்கும். நலாக்சோனுக்கு அந்தக் குணம் இல்லை. உடம்பில் அபின் இல்லாத பிள்ளைக்குத் தெரியாமல் போட்டுவிட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. பெயர் வெட்டுப்பட்ட அட்டையோடு பிள்ளைகள் வந்து விழுகிற நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

பம்பாய் மில்களைப் பற்றியும் படித்தேன். வேலைக்குப் போன பெண்கள் கைக்குழந்தை அழாமல் கிடக்கட்டும் என்று 'பாலகோலி' என்ற அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஒருத்தி வேறு என்ன செய்வாள்? எங்கள் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில்கூட ஒரு காலத்தில் போஸ்தக்காய் வெளிப்படையாகத் தொங்கும். கசகசாச் செடியின் காய் அது. அதை வேகவைத்த தண்ணீர் தூக்கத்துக்கு நல்லது என்பார்கள். இன்று அதெல்லாம் போய்விட்டது.

போக்கு மாத்திரையின் காலமும் மாறித்தான் இருக்கிறது. 1990இல் பாகிஸ்தானில் லோபெரமைடு சொட்டு மருந்து கொடுத்த கைக்குழந்தைகள் குடல் அசைவற்றுப் போய் இறந்த செய்தி உலகத்தையே உலுக்கியது. அந்தச் சொட்டு மருந்து திரும்பப் பெறப்பட்டது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு இந்த வகை மருந்துகள் எதுவும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதே வருஷம் சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் கரைசலும், தாய்ப்பாலும், கஞ்சியும், பதினாலு நாள் ஜிங்க்கும் போதும். பிரசவ அறையிலும் வழக்கம் மாறியது. தாய்க்குப் பெத்திடின் போட்டிருந்து பிள்ளை பிறந்ததும் அழவில்லை என்றால் ஒரு காலத்தில் முதல் காரியமாக நலாக்சோனைத் தேடுவோம். இப்போது முதலில் பைதான். எங்கள் சிஸ்டர் எந்தப் புத்தகமும் பார்க்காமல் அன்றைக்கே சொன்னது.

ரெண்டு வருஷத்துக்கு முன் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். மருந்துக்கடையில் சளி மருந்துக்குப் பக்கத்துத் தட்டில் நலாக்சோன் மூக்கு ஸ்பிரே. சீட்டே வேண்டாம், யாரும் வாங்கலாம். 2023 முதல் அப்படி அனுமதித்திருக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பீச்சலில் 4 மில்லிகிராம். அன்று ராத்திரி சைக்கிள் ஓடியும், கதவு தட்டியும் நாங்கள் சேர்த்த ஆம்பியூல் மொத்தம் பத்து. அந்தப் பத்தும் இந்த ஒரே பீச்சலில் இருந்தது. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். "என்னம்மா, தலை சுத்துதா?" என்றாள் மகள்.

அங்கே அது கடைத்தட்டுக்கு வந்த காரணம், அபின் வகை மருந்தால் போகிற உயிர்கள், மனதைப் பிசைகிறது. அதே 2023 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு குழந்தைக் காப்பகத்தில் ஒளித்து வைத்திருந்த ஃபெண்டனில் என்ற அபின் வகைத் தூளால் நாலு குழந்தைகள் பாதிக்கப்பட்டன. மதியத் தூக்கத்துக்குப் படுத்த பிள்ளைகள் எழவில்லை. மூன்று பேர் பிழைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தை பிழைக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன் என்ற ஆச்சியின் குரல்தான் எனக்குள் கேட்டது.

நம் வீடுகளிலும் இப்போது ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. மூட்டு வலிக்குத் தாத்தா போடும் டிராமடால். கோடீன் கலந்த இருமல் மருந்து. இரண்டும் அபின் வகையறாதான். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த இரண்டையும் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கா 2017இல் எச்சரித்தது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை கிடைப்பது பெரிய வரம். அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். பாட்டி வலியில்லாமல் உறங்கட்டும். ஆனால் அந்த டப்பா தலையணைக்கடியில் இருக்கக் கூடாது, பீரோவில் பூட்டி இருக்க வேண்டும். தோலில் ஒட்டுகிற ஃபெண்டனில் பட்டை கழன்று பாயில் கிடந்தால் தவழும் பிள்ளை அதை வாயில் வைக்கும். பழைய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும்.

கடைப் பையனிடம் வருகிறேன். என் மாத்திரையைக் கொடுத்தபோது அதையும் கத்தரிக்க வேண்டியிருந்தது. "தம்பி, பெயர் இருக்கிற பக்கத்தை எனக்குக் கொடு. இல்லேன்னா உறை மேல பெயரை எழுதிக் கொடு" என்றேன். முதலில் ஏன் என்பதுபோல் பார்த்தான். ஆச்சியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள், அவர்களும் கேட்டார்கள். பையன் பேனாவை எடுத்து உறையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதினான். நேற்றுப் போனபோது மேசையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் பேனா நூலில் கட்டித் தொங்கியது.

நீங்களும் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களின் போக்கு மாத்திரையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டு எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். ஊசி போட்டு விழித்தாலும், டாக்டர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.